மௌன விரதமும் ஒருதலைத் தீர்ப்பும்

கறுப்புக் கோட்டின் மொடமொடப்பு இன்னும் குறையாத தம்பிகளே, தங்கைகளே, கோர்ட்டில் ஒரு தீர்ப்பை வாங்குவது எப்படி என்று உங்களுக்கு எல்லாரும் சொல்லித் தருவார்கள். கொடுத்த தீர்ப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதே நீதிபதியிடம் போய்க் கேட்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். மாமியார் வைத்த குழம்பில் உப்பு போதவில்லை என்று மாமியாரிடமே சொல்வது போன்ற வேலை அது. சொல்லலாம், தப்பில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொண்டு சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூவாரில் அலுவலகம் வைத்து வடக்கு ஜோகூரின் எல்லாக் கோர்ட்டுப் படிகளையும் ஏறி இறங்கி, முழங்கால் போனபிறகு ஓய்வு பெற்றவள் நான். வழக்கு நாளில் வராமல் போய், ஒருதலையாகத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றவர்கள் ஏராளம். சிகாமட் பக்கத்து ஆட்கள் வெள்ளம் என்பார்கள், வெயில் மண்டையைப் பிளக்கும் மாதத்திலும். மூவார் ஆட்கள், காலையில் குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சி சாப்பிட உட்கார்ந்தோம், எழுந்திருக்க மனசு வரவில்லை என்று உண்மையையே சொல்லிவிடுவார்கள். தங்காக்கில் ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் கடைக்குள் போனார். வெளியே வந்தபோது கோர்ட்டு மூடிவிட்டது. புடவை நன்றாகத்தான் இருந்தது, காட்டினார்.

ஆனால் கோர்ட்டுக்கு நேரத்தோடு வந்து, உள்ளே உட்கார்ந்து, தன் பெயரைக் கூப்பிடுவதைக் காதால் கேட்டும் 'வரவில்லை' என்று தீர்ப்பு வாங்கியவர் என் அனுபவத்தில் ஒருவர்தான். அவர் கதையைத்தான் சொல்லப் போகிறேன். மனு எழுதுவது, பதிவு செய்வது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஊர் பெயர் வேண்டாம். சிகாமட்டுக்கும் தங்காக்குக்கும் நடுவே எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் பெயரை மாரிமுத்து என்று மாற்றிவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் தன் மச்சினன் சேகரோடு வந்தார். தலையில் மொட்டை, அதில் இன்னும் சந்தனம். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். உட்காரும்போதே பேச ஆரம்பித்தார். நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் பாதிக் கதை முடிந்துவிட்டது.

"சனிக்கிழம வெட்ட வராங்க லாயரம்மா. ஆள் புடிச்சாச்சாம், செயின்சா கொண்டு வரானாம். எம்மரம். நான் வெச்சது."

டுரியான் மரம். அவர் வீட்டுப் பின்பக்கம் நட்டு, பல வருஷமாகப் பூப்பதும் உதிர்வதுமாக அவரைப் படாத பாடு படுத்திய மரம். அக்கம்பக்கத்தில் எல்லார் வீட்டு மரமும் காய்க்க, இவர் மட்டும் டுரியானை விலை கொடுத்து வாங்கித் தின்றிருக்கிறார். பொறுக்க முடியாமல் முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்தார். மரம் காய்த்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பேன், அதற்கு முன்னால் ஒரு மண்டலம் வாயைத் திறக்க மாட்டேன். இந்த வேண்டுதலில் அவரை விட அதிகம் நம்பிக்கை வைத்தவர் அவருடைய மனைவி. தினமும் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியது அவர்தான் என்று சேகர் சொன்னான்.

மரம் காய்த்தது. முதல் பழம் வேலிக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருந்த கிளையிலிருந்து விழுந்தது. கீழே பக்கத்து வீட்டு அந்தோணி மாஸ்டரின் கார் நின்றிருந்தது. மாஸ்டர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவதற்கு மட்டும் எடுக்கும் கார். முள்ளும் கனமுமாக ஒரு டுரியான் காரின் முன்மூடியில் விழுந்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மாஸ்டர் ஓடி வந்து சத்தம் போட்டார். மாரிமுத்து அப்போது செய்த காரியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இத்தனை வருஷம் கழித்து விழுந்த முதல் பழம் இல்லையா, காரைப் பார்க்காமல் பழத்தை எடுத்து அடிபட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். மாஸ்டர் மரத்தையே வெட்டச் சொல்லி வழக்குப் போட்டார். வழக்கு நாள், மாரிமுத்து விரதம் தொடங்கியபிறகு வந்தது.

"சரி அண்ணே, கோர்ட்டுக்கு ஏன் போகல?"

"போனேனே."

"போனீங்களா?"

"மொத ஆளா போனேன். இவனதான் பேசுறதுக்குக் கூட்டிட்டுப் போனேன்." சேகரைக் காட்டினார்.

சேகர் மேசையைப் பார்த்தான். "கார் பார்க்கிங் கெடைக்கல லாயரம்மா. கெடைச்ச எடத்துக்குப் பக்கத்துல தோசக் கடை."

ஆக, பேச வேண்டியவன் தோசை தின்றுகொண்டிருந்தான். பேசக்கூடாதவர் உள்ளே இருந்தார். பெயரைக் கூப்பிட்டார்கள். மாரிமுத்து எழுந்து கையை உயர்த்தினார். வாசலில் நின்ற கோர்ட்டு ஊழியர், "துடுக், பாக்சிக், துடுக்" என்றார். உட்காருங்கள் பெரியவரே என்று மரியாதையாகச் சொன்னதும் இவர் உட்கார்ந்துவிட்டார். மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார வைத்தார்கள். வழக்கப்படி ஊழியர் வெளியே நடைபாதைக்குப் போய் மாரிமுத்து, மாரிமுத்து என்று சத்தமாகக் கூப்பிட, இவர் பின்னாலேயே போய் அவர் தோளைத் தட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, பிறகு வயிற்றையும் தொட்டுக் காட்டியிருக்கிறார்.

"வயித்த எதுக்குத் தொட்டீங்க?"

"நான்தான்னு முழுசா காட்டுனேன்."

ஊழியர் புரிந்துகொண்டு, நடைபாதைக் கடைசியில் இருக்கும் கழிப்பறையைக் காட்டினார்.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"அவ்வளவு தூரம் காட்டுறாரு, போகாட்டி மரியாதை இல்லன்னு போயிட்டு வந்தேன்."

திரும்பி வந்தபோது தீர்ப்பு ஆகிவிட்டது. எதிர்வாதி வரவில்லை, மரத்தை வெட்ட வேண்டும். நீதிபதி மேல் எந்தத் தப்பும் இல்லை. கூப்பிட்டார்கள், பதில் இல்லை, வேறு என்ன செய்வார்?

"ஒரு தாள்ல எழுதிக் காட்டியிருக்கலாமே அண்ணே?"

"எழுதுறதும் பேச்சுதான்னு சாமிகிட்ட சொல்லிட்டேன் லாயரம்மா. வேண்டுறப்ப கொஞ்சம் அதிகமா வேண்டிட்டேன்."

நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று என் கிளார்க்கைக் கேளுங்கள், அந்தப் பெண் ஃபைலை முகத்தில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிவிட்டாள். ஆனால் எதிரே இருந்தவர் சிரிக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தி, சனிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டார். ஒரு தீர்ப்பைத் திரும்பப் பெற்றுவிடலாம் தம்பிகளே. வெட்டிய மரத்தைத் திரும்ப நட்டு வைக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது.

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லிப் போனால் நீதிபதி இரண்டு விஷயம் பார்ப்பார். ஏன் வரவில்லை என்பது ஒன்று. வந்திருந்தால் சொல்வதற்கு உருப்படியாக ஏதாவது இருந்ததா என்பது இன்னொன்று. முதலாவதற்கு மேலே சொன்ன கூத்துதான் பதில். சரி, இரண்டாவதாவது தேறட்டும் என்று கேட்டேன்.

"அன்னைக்கு ஒங்கள விசாரிச்சிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். விரதம் இல்லையா?"

அப்போதுதான் சேகர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். தெரிந்த கிளினிக்கில் வாங்கிய மருத்துவ விடுப்புச் சீட்டு, எம்.சி. வழக்கு நாளன்று மாரிமுத்துவுக்கு வயிற்றுப்போக்கு, நடமாட முடியாது. முத்திரை, கையெழுத்து எல்லாம் கச்சிதம்.

"இத வெச்சு முடிச்சிருங்க லாயரம்மா. மௌன விரதம், டுரியான்னு சொன்னா ஜட்ஜு சிரிச்சிருவாங்க."

"பொய் எம்.சி. சேகர்."

"எங்க பொய்? மாமா அன்னைக்கு டாய்லெட்டுக்குப் போனது உண்மைதானே?"

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். சட்டமும் ஒழுக்கமும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அது உங்களுக்குப் பரீட்சையிலேயே வந்திருக்கும். நான் சொல்வது அவசரத்தில் மூளை எப்படி வேலை செய்யும் என்பது. சனிக்கிழமை செயின்சா. கையில் ஒரு நாகரிகமான பொய். பக்கத்தில் கேட்டால் சிரிப்பு வரும் ஒரு உண்மை. எந்த வக்கீலுக்கும் கை அந்தத் தாள் பக்கம்தான் போகும். நான் அதைத் தொடாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அண்ணே, அன்னைக்குக் கோர்ட்டுல ஒங்கள யார் யார் பாத்தாங்க?"

"எல்லாரும்தான் பாத்தாங்க. மாஸ்டர் எம்பக்கத்து நாற்காலி."

எம்.சி.யை மடித்து சேகரின் பையிலேயே செருகினேன். அவன் கோபித்துக்கொண்டு வெளியே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தான். உண்மை முழுவதையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதினேன், கழிப்பறை உட்பட. இரண்டாவது விஷயத்துக்கு, சாய்ந்திருப்பது ஒரு கிளைதான், அதை வெட்டினாலே போதும், முழு மரத்தை வெட்டத் தேவையில்லை என்று எழுதினேன். மாரிமுத்து அதற்கும் முகத்தைச் சுளித்தார். கிளையா, மரமா என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டார்.

மாஸ்டரின் வக்கீலுக்கு அன்றே நகல் போனது. அவசர மனு, வியாழக்கிழமை எடுத்துக்கொண்டார்கள். அதே நீதிபதி, கண்டிப்பான மலாய்க்கார அம்மா. அங்கே பேசியது மலாயில், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். என் நம்பிக்கை எல்லாம் அந்தக் கோர்ட்டு ஊழியர் மேல்தான் இருந்தது. கழிப்பறைக்கு வழி காட்டியவர் ஆளை மறந்திருக்க மாட்டார் இல்லையா?

எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைப் போல ஒரு இளைஞர். மாஸ்டர் சார்பில் போட்ட பதிலில், எதிர்வாதி வரவில்லை என்ற பழைய வரியையே எடுத்து ஒட்டியிருந்தார். எழுந்து நின்று, விரதம் என்பதெல்லாம் தீர்ப்பு வந்தபிறகு கற்பனை செய்த கதை என்றார். நீதிபதி என் மனுவை இரண்டாம் முறை படித்தார். வாயோரம் லேசாகத் துடித்தது, அடக்கிக்கொண்டார். ஊழியரைக் கூப்பிட்டு, இவரைத் தெரிகிறதா என்று கேட்டார்.

ஊழியர் மாரிமுத்துவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீதிபதியை மரியாதையாகப் புவான் என்று அழைத்துச் சொன்னார். "இவர் இல்லை புவான். அந்தப் பாக்சிக்குக்கு நெஞ்சு வரை தாடி. தலை நிறைய முடி."

தைப்பூசம் முடிந்து மொட்டை போட்டு, தாடியையும் வழித்துவிட்டாரே. அந்த இளைஞர் முகத்தில் விளக்கு எரிந்தது.

மாரிமுத்து எழுந்துவிட்டார். விரதம்தான் முடிந்ததே, ஒரு மண்டலமாகத் தேக்கி வைத்ததெல்லாம் கிளம்பியது. காவடி, தாடி, அலகு, எத்தனை பால்குடம், எந்தச் சலூன், சலூன்காரர் மகன் இப்போது சிங்கப்பூரில் எங்கே வேலை செய்கிறான், எல்லாவற்றையும் தமிழும் மலாயுமாகச் சொல்ல ஆரம்பித்தார். மொழிபெயர்ப்பாளர் பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாரிமுத்துவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை.

"உங்கள் கட்சிக்காரரால் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க முடியுமா?" என்று நீதிபதி என்னைக் கேட்டார்.

"அப்படி இருந்ததால்தான் புவான் இன்று இங்கே வந்திருக்கிறோம்" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. சிறைக்குப் போகிறேன் என்றே நினைத்தேன். நீதிபதி தலையைக் குனிந்து மனுவைப் புரட்டினார், தோள் மட்டும் குலுங்கியது. ஆனால் நிமிர்ந்தபோது பழைய கண்டிப்பு வந்துவிட்டது. அன்று இவர் இங்கே இருந்தார் என்பதற்கு இவருடைய வார்த்தையைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தக் கோர்ட்டில் ஒலிப்பதிவு உண்டு, ஆனால் வாயைத் திறக்காதவரை அதில் எங்கே தேடுவது? சனிக்கிழமையை நினைத்துக்கொண்டு நின்றேன். அந்தச் சில வினாடிகள் எனக்கு இன்றும் பிடிக்காது.

அப்போது பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அந்தோணி மாஸ்டர் எழுந்து நின்றார்.

"இருந்தாரு புவான்," என்றார் மலாயில். வகுப்பறைக் குரல். "எம்பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. நான் கண்ணால பாத்தேன்."

இளைஞர் திரும்பி, உட்காருங்கள் மாஸ்டர் என்று கையால் காட்டினார். மாஸ்டர் உட்காரவில்லை. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வரவில்லை என்று எப்படி எழுதுவது? வந்து உட்கார்ந்துகொண்டு செய்த அவமானத்தையல்லவா எழுதியிருக்க வேண்டும்? கோபத்தில் மலாய் நழுவித் தமிழ் வந்துவிட்டது.

"காலையில நான்தான் மொதல்ல பேசுனேன். மாரி, அந்த ஒரு கிளைய மட்டும் வெட்டிரு, இப்பவே உள்ள போயி கேஸ வாபஸ் வாங்கிர்றேன்னு சொன்னேன். இவரு மூஞ்சியக்கூடப் பாக்கல. தரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நாப்பது வருஷமா வேலி மேல பேசிக்கிட்டு இருந்த மனுசன். விரதம் இருக்காருன்னு தெரியும். பேசக் கூடாதுன்னு எனக்கு யாரு சொன்னா? நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. என்னா திமிருன்னு எனக்கு நெஞ்சே அடைச்சிருச்சு. அதுக்கப்புறம்தான் மரமே போகட்டும்னு விட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் பேனாவை எடுத்து, எந்த உணர்ச்சியும் இல்லாமல், வரிசை தப்பாமல், எல்லாவற்றையும் மலாயில் சொன்னார். திமிருக்கு 'சொம்போங்' என்றார். மாரிமுத்து அப்போதுதான் உட்கார்ந்தார்.

நீதிபதி இளைஞரைப் பார்த்து, உங்கள் கட்சிக்காரரே எதிராளிக்குச் சாட்சி சொல்லிவிட்டார், இன்னும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். அவர் நல்ல பையன், இல்லை என்றார். பழைய தீர்ப்பு ரத்து, வழக்கு மறுபடி விசாரணைக்கு வரும், அதுவரை மரத்தைத் தொடக்கூடாது. எழுந்து போகும் முன், அடுத்த முறை வரும்போது எதிர்வாதிக்கு வேறு விரதம் ஏதாவது உண்டா என்று கேட்டார். கிடையாது என்று சேகர் பின்னாலிருந்து பதில் சொன்னான்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். தீர்ப்பு ரத்தானால் ஜெயித்ததாக அர்த்தமில்லை. பேசுவதற்கு ஒரு வாய்ப்பு திரும்பக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கட்சிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்வதைப் பார்த்தால் நாம் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும். பலருக்கு இது வருவதில்லை.

வெளியே நடைபாதையில் மாஸ்டர் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாரிமுத்து அவரிடம் போனார். உள்ளே அவ்வளவு பேசியவருக்கு அங்கே வாய் வரவில்லை. மொட்டையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இப்பவும் விரதமா?" என்றார் மாஸ்டர், திரும்பாமல்.

"இல்ல மாஸ்டர்." மாஸ்டர் பக்கம் ஒரு அடி வைத்தார். "நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. வெட்டிர்றேன்னு அன்னைக்கே சொல்லணும்னு இருந்துச்சு. முடியல. வீட்டுக்கு வந்து சாப்பாடே எறங்கல." பிறகு, "காரு மேல விழுந்ததுக்கு மன்னிச்சிருங்க. அன்னைக்குப் பழத்தப் பாத்துட்டேன், ஒங்கள பாக்கல" என்றார்.

மாஸ்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "நல்லா இருந்துச்சா அந்தப் பழம்?"

"சாமிக்கு வெச்சிட்டேன் மாஸ்டர். நான் திங்கல."

"அலமாக்," என்றார் மாஸ்டர். அந்த ஒரு 'அடடா' மட்டும்தான் சொன்னார்.

சமரசம் என்று கோர்ட்டில் பதிவு செய்யலாம் என்று இரண்டு வக்கீல்களும் முடிவு செய்தோம். செயின்சாக்காரரையும் நிறுத்தவில்லை. வருகிறவர் வரட்டும், முழு மரத்துக்குப் பதில் அந்தக் கிளையை வெட்டிக்கொண்டு போகட்டும், இரண்டு பேருக்கும் சம்மதம் என்று நீதிபதியிடம் சொல்லி அனுமதி வாங்கினோம். எந்தக் கிளை என்று படம் எடுத்து இணைக்க வேண்டும் என்பதால் சனிக்கிழமை நானும் அந்த இளைஞரும் போனோம்.

மரம் பூத்திருந்தது. வேலிக்கு மேலே சாய்ந்த கிளையில்தான் பூ அதிகம், கொத்துக் கொத்தாக. மாரிமுத்து அதைப் பார்க்க முடியாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி அடுப்படி சன்னலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். செயின்சாக்காரர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, எந்தக் கிளை என்று கேட்டார். மாரிமுத்து திரும்பவில்லை.

மாஸ்டர் தன் வீட்டுப் பக்கத்திலிருந்து வேலியைத் தாண்டி வந்தார். கழுத்தை அண்ணாந்து, வகுப்பில் பிள்ளைகளை எண்ணுவது போல மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பூத்திருந்த கிளையின் அடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பின்பக்கம் போய், இலையில்லாமல் காய்ந்து கிடந்த ஒரு குச்சிக் கிளையைக் காட்டினார்.

"இதான். இத வெட்டிரு."

அது மாரிமுத்து வீட்டுக் கோழிக்கூண்டுப் பக்கம் நீண்டிருந்த கிளை. மாஸ்டர் வீட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இளைஞர் என்னைப் பார்த்தார். நான் கைப்பேசியை எடுத்து, காய்ந்த கிளையைப் படம் பிடித்தேன்.